பொறியில் விழுந்தது எந்த ஈ? பழ ஈக்களை இனம் பிரித்தறியும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் பாகற்பந்தலில், பிஞ்சுகள் விரல் நீளம் வருவதற்குள் கோணிக்கொண்டு, மஞ்சளித்து, உதிரத் தொடங்கின. பழ ஈயின் வேலை என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மருந்துக் கடையில் பழ ஈப் பொறி கேட்டதற்கு ஒரு மஞ்சள் டப்பாவும் அதற்குள் தொங்கவிடும் மருந்தேற்றிய மரத்துண்டு ஒன்றும் கொடுத்தார்கள். பத்தே நாளில் டப்பாவின் அடி தெரியாத அளவுக்கு ஈக்கள் விழுந்தன. ஆனால் பந்தலில் சொத்தைக் காய் சற்றும் குறையவில்லை. விழுந்தவற்றை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அவை அத்தனையும் வேலியோரத்துக் கொய்யாவிலும் சப்போட்டாவிலும் முட்டையிடும் ஈக்கள்; பாகலைத் துளைக்கும் ஈ ஒன்றுகூட அவற்றில் இல்லை. பொறி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நான்தான் எந்த ஈ என்று பார்க்காமல் வாங்கி மாட்டியிருக்கிறேன்.

கிணத்துக்கடவு, உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் பந்தல் காய்கறி போடுகிறவர்களும், ஆயக்குடிப் பக்கம் கொய்யா வைத்திருக்கிறவர்களும், சேலத்து மாந்தோப்புக்காரர்களும் தங்கள் கையிலுள்ள ஈ எது என்பதைத் தாங்களே கண்டுகொள்வதற்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றும் சற்றுப் பொறுமையும் இருந்தால் போதும்.

ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள்

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. கனிந்த வாழைப்பழத்தின் மேலும் பதநீர்ப் பானையின் வாயிலும் மொய்க்கிற சின்னஞ்சிறு செங்கண் பூச்சியையும் பழ ஈ என்கிறோம். மாங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிற, வீட்டு ஈயளவு பருமனுள்ள, மஞ்சள் பட்டை போட்ட பூச்சியையும் பழ ஈ என்கிறோம். இரண்டும் இருசிறகிகள் என்ற வரிசையைச் சேர்ந்தவை. அதாவது பறப்பதற்கு ஓர் இணைச் சிறகுகள் மட்டுமே உண்டு. பின்சிறகுகள் இருக்கவேண்டிய இடத்தில், தீக்குச்சியின் தலையைப் போலக் குமிழுள்ள இரு சிறு காம்புகள் நின்று, பறக்கும்போது உடலின் சமநிலையைக் காக்கின்றன. குளவியையும் தேனீயையும் ஈயிலிருந்து பிரிக்க இந்த ஓர் அடையாளமே போதும்.

வரிசை ஒன்றாயினும் குடும்பம் வேறு. மாங்காயைத் துளைப்பது டெஃப்ரிடிடே குடும்பம். உலகெங்கும் 4,000-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்டது. வாழைப்பழத்தில் மொய்ப்பது டுரோசோஃபிலிடே குடும்பம். அதிலும் இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. இவ்விரண்டும் நெருங்கிய சொந்தமும் அல்ல. முன்னது டெஃப்ரிடாய்டியா என்ற பெருங்குடும்பத்திலும், பின்னது நீர்க்கரை ஈக்களோடு சேர்த்து எஃபிட்ராய்டியா என்ற வேறொரு பெருங்குடும்பத்திலும் வைக்கப்பட்டுள்ளன. பரம்பரையியல் பாடத்தில் வரும் டுரோசோஃபிலா மெலனோகாஸ்டர் இந்த இரண்டாம் குடும்பத்தது. 1830-இல் மெய்கென் பெயரிட்ட அந்தப் பூச்சியைக் கொண்டுதான் தாமஸ் ஹன்ட் மார்கன், 1910-இல் கண்ணில் பட்ட ஒரு வெள்ளைக்கண் ஆணிலிருந்து தொடங்கி, மரபணுக்கள் குரோமோசோம்களில் இருப்பதை நிறுவி, 1933-இல் நோபல் பரிசு பெற்றார். நான்கு இணைக் குரோமோசோம்களும், 25 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாளில் முடிந்துவிடும் வாழ்க்கைச் சுழற்சியும் ஆய்வுக்கூடத்துக்கு அதை உகந்ததாக்கின. நம் தோட்டத்துக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. அது தேடி வருவது நல்ல பழத்தை அன்று, நொதித்த பழத்தில் வளரும் ஈஸ்டை.

சேகரிப்பது எப்படி

பறந்து திரியும் ஈயைத் துரத்திப் பிடிப்பதைவிட, சொத்தைக் காயிலிருந்து வளர்த்தெடுப்பதே நம்பத்தக்க வழி என்பது என் கருத்து. பொறியில் விழுந்த ஈ பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். காயிலிருந்து வந்த ஈயோ அந்தக் காயைத் தின்றே வளர்ந்தது.

வாயகன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றில், கையில் பிடித்தால் ஒட்டியும் ஒட்டாமலும் உதிரும் அளவுக்கு ஈரமான மணலை மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். சொத்தைக் காய்களை மணலின் மேல் நேரடியாக வைத்தால் அழுகல் நீர் இறங்கி மணல் கெட்டுவிடும் என்பதால், சிறு கம்பி வலை ஒன்றின் மேல் வைப்பது நல்லது. வாயை மல் துணியால் மூடி ரப்பர் வளையம் போட்டு, எந்தப் பயிர், எந்த ஊர், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். எறும்புக்குத் தப்பிக்க டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துவது கட்டாயம். நான் முதன்முறை வைத்த டப்பாவில் ஈ வருவதற்குள் எறும்பு வந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

முதிர்ந்த புழுக்கள் சில நாளில் காயை விட்டு இறங்கி மணலுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். அங்கிருந்து எட்டு முதல் பன்னிரண்டு நாளில் ஈ வெளிவரும். இதைக் காலை வேளையில் அருகிருந்து பார்ப்பது ஓர் அனுபவம். ஈயின் நெற்றியிலிருந்து ஒரு வெண்ணிறப் பை காற்றூதிய பலூனைப் போலப் புடைத்துப் புடைத்து அடங்கும். அந்தப் பையின் அழுத்தத்தால்தான் கூட்டின் மூடி தெறிக்கிறது, அதே பையால்தான் ஈ மணலை விலக்கி மேலேறுகிறது. வெளியே வந்தபின் பை தலைக்குள் சுருங்கி, இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சும். அப்போதே ஈயைக் கொன்று இனம் பார்க்கக் கூடாது. புதிதாக வந்த ஈயின் நிறம் வெளிறியிருக்கும். சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு ஒன்றை வைத்து ஐந்தாறு நாள் உயிரோடு விட்டால்தான் கோடும் புள்ளியும் தெளியும். பிறகு ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்தெடுத்து, லென்ஸின் கீழ்க் கொண்டுவரலாம். டப்பாவில் ஈக்குப் பதிலாக நீண்ட வாலுள்ள சிறு குளவிகள் வந்தால் அவற்றைத் திறந்து விட்டுவிடுங்கள். அவை ஈயின் புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிகள், நமக்கு வேண்டியவை.

புழுவிலேயே பாதி தெரிந்துவிடும்

ஈ வரும்வரை காத்திருக்காமலே குடும்பத்தை ஊகிக்க வழியுண்டு. இரு குடும்பங்களின் புழுக்களுக்கும் கால் இல்லை, முன்பக்கம் கூர்ந்தும் பின்பக்கம் மழுங்கியும் இருக்கும். ஆனால் டெஃப்ரிடிடே குடும்பத்தின் முதிர்ந்த புழுவை ஒரு தட்டில் போட்டால், உடலை வளையமாக வளைத்து, வாய்க் கொக்கியால் வால் நுனியைப் பற்றி, திடீரென்று விட்டு, ஒரு சாண் தூரம் தெறித்துக் குதிக்கும். மாம்பழத்தை அறுத்ததும் புழு துள்ளி மடியில் விழுந்ததென்றால் அது இந்தக் குடும்பந்தான். வாழைப்பழ ஈயின் புழு இப்படிக் குதிப்பதில்லை.

கூட்டுப்புழுவில் வேறுபாடு இன்னும் தெளிவு. மாங்காய் ஈயின் கூடு சிறு கோதுமை மணியைப் போலப் பழுப்பாக, இரு முனையும் உருண்டு, மண்ணுக்குள் இருக்கும். அதனால்தான் மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிவிடச் சொல்கிறார்கள். கூடுகள் பெரும்பாலும் மேல்மண்ணில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே கிடக்கும். வாழைப்பழ ஈயின் கூடோ சிறிது. பழத்தின் மேலேயோ பாத்திரத்தின் சுவரிலேயோ ஒட்டிக்கொண்டு, முன்முனையில் மூச்சு விடுவதற்கான இரு கொம்புகளை நீட்டிக்கொண்டிருக்கும்.

மாங்கொட்டைக்குள் கருவண்டு இருப்பதைப் பழ ஈயின் கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு. அது கொட்டைக் கூன்வண்டு. ஈக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சிறகையும் உடலையும் பார்த்தல்

லென்ஸின் கீழ் முதலில் சிறகை விரித்துப் பார்க்க வேண்டும். டெஃப்ரிடிடே ஈயின் சிறகில் பழுப்போ மஞ்சளோ கலந்த பட்டை, புள்ளி, கறை ஏதேனும் பெரும்பாலும் இருக்கும். முன்விளிம்பை ஒட்டி ஓடும் துணை நரம்பு, நுனியில் ஏறத்தாழ நேர்க்கோணத்தில் மேல்நோக்கி மடிந்து மங்கிவிடும். இக்குடும்பத்தின் முத்திரை என்று இந்த மடிப்பைச் சொல்லலாம். பெண் ஈயின் வயிற்று நுனியில், உள்ளிழுக்க முடியாத கெட்டியான உறை ஒன்று நீண்டு நிற்கும். தோலைத் துளைக்கும் ஊசி அதற்குள் இருக்கிறது. ஆணின் வயிறு மழுங்கி முடியும். டுரோசோஃபிலிடே ஈ மூன்று மில்லிமீட்டர் அளவில், பெரும்பாலும் சிவந்த கண்களோடும், பல கிளைகளாகப் பிரிந்து இறகு போலத் தெரியும் உணர்கொம்பு மயிரோடும் இருக்கும். அதன் சிறகின் முன்விளிம்பு நரம்பில் இரண்டு இடங்களில் சிறு முறிவு தெரியும்.

டெஃப்ரிடிடே என்பதாலேயே எல்லாம் பகைவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அக்குடும்பத்தில் பல இனங்கள் சூரியகாந்திக் குடும்பச் செடிகளின் பூத்தலையிலும் தண்டிலும் வளர்பவை. புரோசெசிடோகாரஸ் யூட்டிலிஸ் என்ற இனத்தை, மலைச்சரிவுகளில் படர்ந்த ஒரு களைச்செடியை அடக்குவதற்காக 1963-இல் நீலகிரியில் கொண்டுவந்து விட்டார்கள். அது தண்டில் முடிச்சுப்போடச் செய்து களையைக் குன்றவைக்கிறது.

இனி, நம் காய்கனிகளைத் தாக்கும் ஈக்களுக்குள் பேரினம் பிரிக்க வேண்டும். வயிற்றை மேலிருந்து பாருங்கள். வயிற்றுத் தகடுகள் தனித்தனியாக, ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்ததைப் போலப் பிரிந்திருந்தால் பாக்ட்ரோசெரா அல்லது சூகோடேகஸ். எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரே தகடாகி, இடுப்பு குளவியைப் போல ஒடுங்கியிருந்தால் டேகஸ். சூகோடேகஸ் நெடுங்காலம் பாக்ட்ரோசெராவின் உட்பிரிவாகவே இருந்து, 2015-இல் தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. பழைய வேளாண் கையேடுகளில் பாகல் ஈக்குப் பாக்ட்ரோசெரா என்றும், அதற்கும் முந்தியவற்றில் டேகஸ் என்றும் இருப்பதைக் கண்டு மூன்று வேறு ஈக்கள் என்று எண்ண வேண்டாம். பூச்சி ஒன்றுதான், பெயர்தான் மாறிக்கொண்டு வந்திருக்கிறது.

நம் வட்டாரத்தில் எதிர்ப்படும் இனங்கள்

மாவிலும் கொய்யாவிலும் முதலில் எதிர்பார்க்க வேண்டியது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். ஹெண்டல் 1912-இல் தைவானிலிருந்து விவரித்த இது, ஆசியாவின் பழத்தோட்டங்களெங்கும் பரவி, 2003-இல் கென்யாவிலும் காணப்பட்டது. அங்கே புதிய இனமென்று கருதி வேறு பெயர் வைத்து, 2015-இல் இரண்டும் ஒன்றே என்று ஒப்புக்கொண்டார்கள். கற்றறிந்தவர்களுக்கே இந்த மயக்கம் என்றால் நாம் ஓரிரு முறை தவறுவதில் வெட்கமில்லை. மார்பின் மேற்புறம் கறுத்திருக்கும். இரு ஓரங்களிலும் ஒவ்வொரு மஞ்சள் பட்டை. மார்பின் பின்நுனியில் உள்ள சிறு முக்கோணத் தகடு முழு மஞ்சள். வயிற்றில் குறுக்கே ஒரு கருங்கோடும் அதன் நடுவிலிருந்து கீழிறங்கும் மற்றொரு கோடுமாகச் சுத்தியலின் வடிவம் தெரியும். சிறகு கண்ணாடி போலத் தெளிந்து, முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கரும்பட்டை நுனிவரை அறுபடாமல் ஓடும்.

அந்த விளிம்புப் பட்டை அறுபட்டு, சிறகின் நுனியில் ஒரு புள்ளி மட்டும் தனித்து நின்றால், கையில் இருப்பது பாக்ட்ரோசெரா கரெக்டா அல்லது பாக்ட்ரோசெரா சோனாட்டா. இவ்விரண்டையும் பிரிக்க முகத்தைப் பார்க்க வேண்டும். கண்களுக்கு நடுவே, வாய்க்கு மேலே, கரும்புள்ளிகள் இரண்டும் நீண்டு ஏறத்தாழ ஒரே குறுக்குக் கோடாகத் தெரிந்து, மார்பும் கறுத்திருந்தால் கரெக்டா. புள்ளிகள் தனித்தனியே நின்று, மார்பு செம்பழுப்பாக இருந்தால் சோனாட்டா. கொய்யாவை விரும்பும் கரெக்டா, டார்சாலிஸை விட உருவில் சிறியது. ஒரே பழத்திலிருந்து இரண்டும் கலந்து வருவதும் உண்டு என்பதால், டப்பாவில் வந்த முதல் ஈயை மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது.

பாகல், பீர்க்கு, புடலை, பூசணி, தர்ப்பூசணி என்று கொடிவகையில் வந்தால் சூகோடேகஸ் குகர்பிட்டேவை எதிர்பார்க்கலாம். முதற்பார்வையிலேயே நிறம் வேறு. கறுப்பன்று, மஞ்சள் கலந்த செம்பழுப்பு. மார்பில் ஓரப் பட்டைகள் இரண்டோடு நடுவிலும் ஒரு மஞ்சள் பட்டை இருக்கும். எங்கள் பந்தல் விவகாரத்தில் எனக்கு உண்மையை உடைத்துக் காட்டியது இந்த மூன்றாவது பட்டைதான்: பொறியில் விழுந்த எந்த ஈயிலும் அது இல்லை, சொத்தைப் பாகலிலிருந்து வளர்த்தெடுத்த எல்லா ஈயிலும் அது இருந்தது. சிறகில் முன்விளிம்புப் பட்டை நுனியில் அகன்று பெரிய கறையாகும். அதோடு, நடுச்சிறகில் குறுக்கு நரம்பொன்றின் மேல் தனியே ஒரு கறுப்புக் கீற்று படிந்திருக்கும். இந்தக் கீற்று இல்லாமல் மூன்று பட்டைகள் மட்டும் இருந்தால் அதன் உறவான சூகோடேகஸ் டா என்ற இனமாக இருக்கலாம். குகர்பிட்டே காயோடு நிற்பதில்லை, பூவிலும் இளந்தண்டிலும்கூட முட்டையிடும். மார்பில் மஞ்சள் பட்டையே இல்லாமல், குளவி இடுப்போடு கொடிக் காயிலிருந்து வந்தால் டேகஸ் சிலியேட்டஸ்.

இலந்தையிலிருந்து வருவது பெரும்பாலும் கார்போமியா வெசுவியானா. மார்பில் கரும்புள்ளிகளும் சிறகில் மஞ்சட் பழுப்புப் பட்டைகளும் கொண்ட சிறிய ஈ. உலகப் புகழ்பெற்ற மத்தியதரைக் கடல் பழ ஈ இந்தியாவில் நிலைகொண்டதில்லை. படத்தில் பார்த்துவிட்டு அதைத் தேட வேண்டியதில்லை.

மணத்தைக் கொண்டு சோதித்தல்

உருவம் பார்த்துச் சொன்னதை மணத்தால் சரிபார்க்கலாம். பிகாரிலுள்ள பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் கூட்டமாக வருவதை 1912-இல் எழுதினார். அவற்றை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற மணப்பொருள் என்பதைப் பின்னர் 1915-இல் கண்டறிந்தார். டார்சாலிஸ், கரெக்டா, சோனாட்டா மூன்றும் இதற்கு வரும். துளசியிலும் இப்பொருள் இருப்பதால், காலையில் கொய்யா மரத்தடியில் ஒரு பிடி துளசியைக் கசக்கி வைத்துக் காத்திருந்தால் செலவில்லாமல் சோதித்துவிடலாம். குகர்பிட்டேயும் டாவும் மெத்தில் யூஜினாலைத் தேடி வருவதில்லை. அவற்றுக்குக் கியூ லூர் என்ற வேறொரு கவர்ச்சிப் பொருள் வேண்டும். டேகஸ் சிலியேட்டஸோ இரண்டுக்கும் மசியாது. ஆகவே பந்தலுக்குப் பொறி வாங்கும்போது "பழ ஈப் பொறி" என்று கேட்காமல், "கியூ லூர்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு மருந்தையும் ஒரே டப்பாவில் போடாமல் தனித்தனி டப்பாவில், தள்ளித் தள்ளித் தொங்கவிட்டால், எதில் எது விழுகிறது என்பதே ஒரு சோதனையாகிவிடும்.

இந்த மணங்களுக்கு வருபவை ஆண்கள் மட்டுமே. முட்டையிடும் பெண்ணைப் பார்க்க வேண்டுமானால், அவள் தேடித் திரியும் புரதத்தைக் காட்டியாக வேண்டும். நனைத்த கருவாட்டுத் தூளைத் துளையிட்ட பையில் கட்டித் தொங்கவிட்டால் கொடிக்காய் ஈயின் இருபாலும் வரும். வீட்டு ஈயும் சேர்ந்து வரும் என்பதால் பிரித்தெடுக்கும் வேலை கூடுதல்.

முருங்கை என்ற விதிவிலக்கு

இதுவரை சொன்னதை வைத்து, துளைப்பது டெஃப்ரிடிடே, அழுகலில் மொய்ப்பது டுரோசோஃபிலிடே என்று ஒரு சூத்திரம் போட்டுக்கொள்ளத் தோன்றும். மூலனூரிலும் அரவக்குறிச்சியிலும் அந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே முருங்கைக் காயைக் கெடுக்கும் ஜிட்டோனா டிஸ்டிக்மா, டுரோசோஃபிலிடே குடும்பத்தது. செங்கண்ணும் மஞ்சள் நிறமுமாக, பார்வைக்கு வாழைப்பழ ஈயின் தங்கையைப் போலிருக்கும் இது, இளங்காயில் முட்டையிடுகிறது. காயின் மேல் பிசின் துளித்து நிற்பதும், நுனியிலிருந்து காய் காய்ந்து மேலேறுவதும், பிளந்தால் உள்சதையில் சிறு புழுக்கள் நெளிவதும் இதன் அறிகுறிகள். மெத்தில் யூஜினாலோ கியூ லூரோ முருங்கைக் காட்டில் மாட்டினால், விழுவது வேறு எங்கிருந்தோ வந்த ஈயாகத்தான் இருக்கும். அழுகிய காயில் நொதி வாடைக்குப் பின்னால் வந்து சேரும் வாழைப்பழ ஈயும் அதே காயில் இருக்கக்கூடும் என்பதால், முருங்கையில் மட்டும் உதிர்ந்த காயை எடுக்காமல், மரத்தில் பச்சையாக இருக்கும்போதே பிசின் துளித்த காயைப் பறித்து டப்பாவில் வைக்க வேண்டும்.

ஐயம் தீராத ஈக்களை எறிந்துவிட வேண்டாம். சிறு கண்ணாடிக் குப்பியில் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பதினைந்தைப் போட்டு, பயிர், ஊர், தேதி, காயிலிருந்து வளர்த்ததா பொறியில் விழுந்ததா என்ற நான்கையும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போட்டு, கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்கு எடுத்துச் செல்லலாம். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.